நடந்தால் எண்ணாத வாட்ச், வண்டியில் போனால் எண்ணுகிறது

வாசகர் கடிதம்

எழுதியவர் 58 வயது அம்மா, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பெயரும் ஊரும் வேண்டாம் என்கிறார். காவிரி டெல்டா பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்வோம். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

ஒன்பது வருடமாகச் சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தம். இரண்டு வருடமாக மெட்டோப்ரோலால் மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. எடை 68 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி, எல்லாவற்றையும் தானே செட் செய்து அம்மா கையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். மாலையில் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக் குளத்தைச் சுற்றி நாற்பது நிமிடம் நடந்தால் வாட்ச் 600 காலடி என்கிறது. கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மார்க்கெட் போய் வந்தால் 900 அடி. "நடக்கிறவளை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு மார்க் போடுகிறது" என்று எழுதியிருக்கிறார்.

காலையில் தனியாக வேகமாக நடக்கும்போது நாடித் துடிப்பு 118, 120 என்று நிற்கிறது. நடையை நிறுத்தினால் சட்டென்று 84. ஒருநாள் எச்சரிக்கை அதிர்வு வரவே, பயந்துபோய் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. ஒரு இரவில் ஆக்சிஜன் 88 என்று காட்டியது. தினமும் 1,950 கலோரி எரிப்பதாக வாட்ச் சொல்வதை நம்பிச் சாப்பிட்டதில் எடை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. 10,000 அடியை எட்டுவதற்காக இரவு பதினோரு மணிக்கு ஹாலில் சுற்றிச் சுற்றி நடக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கட்டியிருக்கும் வாட்ச் சர்க்கரை அளவையே காட்டுகிறதாம், அதை வாங்கினால் விரலில் குத்துவதை நிறுத்தலாமா என்றும் கேட்கிறார்.

அப்புறம், போகிற போக்கில் ஒரு வரி: "காலையில் பார்க்கும்போது குறைந்த துடிப்பு 50, 52 என்று இருந்தால் அன்றைக்கு மட்டும் மெட்டோப்ரோலால் போடுவதில்லை."

மருத்துவர் பதில்

அம்மா, கடைசியாக எழுதிய அந்த வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

மாத்திரையை வாட்ச் தீர்மானிக்கக் கூடாது

மெட்டோப்ரோலாலின் வேலையே இதயத் துடிப்பைக் குறைப்பதுதான். தூக்கத்தில் எல்லோருக்கும் துடிப்பு இறங்கும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இரவில் ஐம்பதுக்குப் பக்கத்தில் போவது பெரும்பாலும் எதிர்பார்த்த விஷயம். காலையில் நீங்கள் பார்ப்பது இரவு முழுவதிலும் பதிவான ஆகக் குறைந்த எண். எழுந்து உட்கார்ந்திருக்கும்போது உங்கள் துடிப்பு எவ்வளவு என்பதை அது சொல்லவில்லை.

இந்த வகை மாத்திரையை ஒருநாள் போட்டு ஒருநாள் விடுவதில் ஆபத்து இருக்கிறது. திடீரென்று நிறுத்தினால், அதுவரை அடக்கி வைத்திருந்த துடிப்பும் அழுத்தமும் முன்பைவிட வேகமாக எழலாம், நெஞ்சு வலியும் வரலாம். சர்க்கரையும் அழுத்தமும் உள்ள உங்கள் வயதில் இதயத்தை அப்படிச் சோதிக்கக் கூடாது. இன்றைக்கே உங்கள் டாக்டரை அழைத்து, கடந்த வாரங்களில் எத்தனை நாள் விட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். எப்படித் தொடர்வது என்று அவர் சொல்வார். விட்டுப்போனதை ஈடுகட்ட ஒரே நாளில் இரண்டாகப் போட்டுவிடாதீர்கள்.

துடிப்பு உண்மையில் குறைவாக இருக்கிறதா என்று பார்க்க வேறு வழி உண்டு. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, முப்பது வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மேல் கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிபி மெஷினும் துடிப்பைக் காட்டும். இப்படி விழித்திருக்கும்போதே தொடர்ந்து ஐம்பதுக்குக் கீழ் வந்தால், அல்லது தலைசுற்றல், கண் இருட்டுதல், மயக்கம் இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். விரல் வைக்கும்போது நாடி விட்டு விட்டு அடிப்பது போலத் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேராது. வாட்ச், பிபி மெஷின் இரண்டுமே குறைத்து எண்ணிவிடும். அப்போது இசிஜிதான் விடை.

ஸ்கூட்டரில் ஏன் எண்ணுகிறது

சரி, இப்போது வாட்சுக்கு வருவோம். அது பழுது என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாட்சுக்கு உங்கள் கால் தெரியாது, கைதான் தெரியும். உள்ளே அசைவை உணரும் ஒரு சின்ன சில்லு இருக்கிறது. சாதாரண நடையில் நாம் நிமிடத்துக்கு 100 முதல் 120 அடி வைப்போம், அதாவது வினாடிக்குச் சுமார் இரண்டு. அந்தத் தாளத்தில் கை ஆடினால் வாட்ச் அதை நடை என்று எடுத்துக்கொள்கிறது. தள்ளுவண்டியின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் கை ஆடாது, எண்ணிக்கை போய்விடும். மேடு பள்ளமான சாலையில் ஸ்கூட்டர் குலுக்கும் குலுக்கலில் அதே தாளம் கிடைத்துவிட்டால் எண்ணத் தொடங்கிவிடும். துணி துவைப்பது, மாவு பிசைவது, கச்சேரியில் தாளம் போடுவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே நாலு எட்டு வைப்பது வராது. பொய்க் கணக்கைத் தவிர்ப்பதற்காக, தொடர்ந்து கொஞ்ச தூரம் நடந்தால்தான் எண்ணுவது என்று பல வாட்ச்களில் வைத்திருக்கிறார்கள். மெதுவாகக் காலை இழுத்து நடக்கும் பெரியவர்களுக்கும், கைத்தடி பிடித்து நடப்பவர்களுக்கும் இதே கதைதான்.

ஆகவே முதலில் ஒரு சோதனை. வாட்ச் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, கையை வீசி நேராக 200 அடி நடங்கள், வாய்விட்டு எண்ணிக்கொண்டே. நின்று ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். சில வாட்ச்கள் எண்ணைத் தாமதமாகத்தான் புதுப்பிக்கும். 190-க்கும் 210-க்கும் நடுவே கூடியிருந்தால் வாட்ச் நன்றாகவே இருக்கிறது. இதையே தள்ளுவண்டியோடும் செய்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பேத்தியோடு நடக்கும் நேரத்துக்கு இரண்டு வழி சொல்கிறேன். கிளம்பும்போது வாட்சில் 'வெளிநடை' பயிற்சியைத் தொடங்கிவிட்டு, முடிந்ததும் நிறுத்துங்கள். ஜிபிஎஸ் வேலை செய்தால் கை ஆடாவிட்டாலும் தூரமும் நேரமும் பதிவாகும். இல்லையென்றால் போனை இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், இடுப்பின் அசைவை அது எண்ணும். ஆனால் வாட்ச், போன் இரண்டின் கணக்கும் ஒரே செயலியில் சேர்ந்து இரட்டிப்பாகிவிடாமல், எதை எடுத்துக்கொள்வது என்று அங்கே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். ஸ்கூட்டரில் ஏறும்போது வாட்சைக் கழற்றிப் பையில் போட்டாலும் குலுக்கலில் எண்ணத்தான் செய்யும். அந்த 900 அடியை விட்டுத்தள்ளுங்கள்.

வாட்ச் உங்களுக்கு 29 வயது என்று நினைக்கிறது

நீங்கள் அனுப்பிய செயலிப் படத்தில் ஒரு மூலையில் 'அதிகபட்சத் துடிப்பு 191' என்று இருக்கிறது. இந்த எண்ணைப் பெரும்பாலான வாட்ச்கள் 220-இலிருந்து வயதைக் கழித்துப் போடுகின்றன. 58 வயதுக்கு 162 வர வேண்டும். 191 என்றால் வயது 29. மகள் செட் செய்யும்போது தன் பிறந்த வருடத்தையே போட்டிருக்கிறார் என்று ஊகிக்கிறேன். எடையும் உயரமும்கூட அவருடையதாகவே இருக்கலாம். உயரம் தவறானால் அடியின் நீளம் தவறும், தூரம் தவறும். வயதும் எடையும் தவறினால் கலோரி தவறும். போனில் அவரைக் கூப்பிட்டு, பிறந்த வருடம், உயரம், எடை, வாட்ச் கட்டுவது வலது கையா இடது கையா என்ற நாலையும் திருத்திவிடச் சொல்லுங்கள்.

திருத்திய பிறகும் அந்த 162 உங்களுக்குப் பொருந்தாது. அது சராசரிக் கணக்கு, ஒரே வயதுள்ள இருவருக்குள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வித்தியாசம் சாதாரணம். மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறவருக்கோ இதயம் அந்த உயரத்துக்கு ஏறவே ஏறாது. வாட்ச் காட்டும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு மண்டலங்களை மறந்துவிடுங்கள். நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது உங்களுக்குச் சரியான வேகம்.

அந்த 118 உங்கள் இதயத்துடையதா, காலுடையதா?

வாட்சின் அடியில் பச்சை விளக்கு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடும், அதைத்தான் எண்ணுகிறது. வாட்ச் தளர்ந்து ஆடினால், ஒவ்வொரு அடிக்கும் ஏற்படும் குலுக்கலும் அதே ஒளியைக் கலைக்கும். பிறகு இதயத் துடிப்பை விட்டுவிட்டு நடையின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சொல்லும் 118, 120 வேகமாக நடப்பவரின் நிமிட அடிக் கணக்கு. நின்றதும் சட்டென்று 84 என்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. இதயம் நடை நின்ற நொடியில் அப்படி விழாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும்.

அடுத்த முறை 118 காட்டும்போது ஒரு நிமிடம் உங்கள் அடிகளை எண்ணுங்கள். பிறகு நின்று, உடனே விரல் வைத்து 15 வினாடி நாடியை எண்ணி நாலால் பெருக்குங்கள். அடி 118-ம் நாடி 90-ம் வந்தால் விஷயம் முடிந்தது. நாடியும் 118 என்றால், மாத்திரையை விட்ட நாளா என்று பாருங்கள். எப்படியானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். சட்டென்று எகிறிச் சட்டென்று இறங்கும் படபடப்பு நோய்களும் உண்டு. ஆனால் அவை நீங்கள் நிற்பதற்கும் நடப்பதற்கும் ஏற்றபடி வந்து போவதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வரும்.

வாட்சைக் கட்டுவதிலும் ஒரு திருத்தம். வளையல் போட்ட கையிலேயே கட்டியிருக்கிறீர்கள் என்பது படத்தில் தெரிகிறது. வளையல் இடித்து இடித்து வாட்சை நகர்த்திக்கொண்டே இருக்கும். மறு கைக்கு மாற்றுங்கள், அல்லது நடக்கும் நேரத்தில் வளையலைக் கழற்றுங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, நடக்கும்போது ஒரு துளை இறுக்கமாக, மற்ற நேரத்தில் தளர்வாக. எண்ணெயும் வியர்வையும் மாவும் படிந்த கண்ணாடியை ஈரத்துணியால் துடையுங்கள். கையில் பச்சை குத்தியிருந்தால் அந்த இடத்தின் மேல் கட்ட வேண்டாம், மை ஒளியைத் தடுக்கும்.

மருத்துவமனைக்கு ஓடியதற்காக வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். தேவையில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலேயே மாரடைப்பு வரலாம் என்பதால், நீங்கள் போனதில் தவறில்லை. இதன் மறுபக்கம்தான் முக்கியம்: நெஞ்சில் அழுத்தம், மூச்சு வாங்குதல், காரணமில்லாத வியர்வை, மயக்கம் வந்தால் வாட்ச் 72 என்று காட்டினாலும் 108-ஐ அழையுங்கள். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் திறன் எந்த வாட்சுக்கும் இல்லை, இசிஜி எடுக்கும் விலை உயர்ந்த வாட்ச்களுக்கும் இல்லை.

கலோரியும் பத்தாயிரமும்

வாட்ச் காட்டும் எண்களில் நான் மிகக் குறைவாக நம்புவது கலோரியைத்தான். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-இல் 60 பேருக்கு ஏழு கருவிகளைக் கட்டிச் சோதித்தது. நாடித் துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியிலோ நன்றாகச் செய்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம்.

உங்கள் 1,950-இல் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அது நாள் முழுவதற்குமான மொத்தம். உங்கள் வயது, எடை, உயரத்துக்குச் சும்மா படுத்திருந்தாலே உடம்பு சுமார் 1,200 கலோரி செலவழிக்கும். வாட்ச் உங்களை 29 என்று நினைப்பதால் அதிலேயே நூற்றுச் சொச்சத்தைக் கூட்டியிருக்கும். நாற்பது நிமிட வேக நடைக்குச் செலவாவது ஏறக்குறைய 160. உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடிய 45-ஐக் கழித்தால் மிஞ்சுவது 115. மாலை டிபனோடு ஒரு அதிரசம் சேர்ந்தால் அது போயிற்று. உணவை வாட்சை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். நடையின் பலன் சர்க்கரையிலும் அழுத்தத்திலும் வந்து சேரும். எடைக்குத் தட்டில்தான் கை வைக்க வேண்டும்.

அந்த 10,000 எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்த கணக்கு இல்லை. ஜப்பானில் 1965-இல் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் விளம்பரத்தோடு பரவிய எண் அது. சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. சுமார் 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. காலை நடையும் பேத்தியோடு மாலை நடையும் சேர்ந்தாலே நீங்கள் நல்ல கணக்கில் இருக்கிறீர்கள். நாற்பது நிமிடத்துக்கு நிமிடம் 100 வீதம் 4,000 அடி. வாட்ச் 600 என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். உலக சுகாதார நிறுவனமும் அடிகளைக் கேட்கவில்லை, வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பைத்தான் கேட்கிறது. இரவு பதினோரு மணிக்குத் தூங்குங்கள்.

சர்க்கரை காட்டும் வாட்ச், ஆக்சிஜன், கடைக்காரர்

பக்கத்து வீட்டு வாட்சை வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதற்கும் அங்கீகாரம் தரவில்லை, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சார் வேறு: அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் போகிறது, வாட்ச் அதன் எண்ணை வாங்கிக் காட்டும் திரை மட்டுமே. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பொய் எண்ணை நம்பி அளவை மாற்றினால் தாழ் சர்க்கரையில் மயங்கி விழ நேரலாம். அவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

இரவில் காட்டிய 88, வாட்ச் தளர்ந்ததாலோ கையின் மேல் தலை வைத்துத் தூங்கியதாலோ இருக்கலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் விழித்திருக்கும்போது பாருங்கள். அதிலும் திரும்பத் திரும்ப 94-க்குக் கீழே வந்தால் டாக்டரிடம் போங்கள். அது சரியாக இருந்தாலும், நீங்கள் பலமாகக் குறட்டை விடுவதாகக் கணவர் சொன்னால், காலையில் தலைவலியும் பகலில் தூக்கமும் இருந்தால், தூக்க மூச்சுத்தடைக்கான பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவர்களிடம் இது நிறைய இருக்கிறது, கேட்டால்தான் வெளியே வருகிறது.

இவ்வளவும் திருத்திய பிறகும் கைவீசி நடக்கும் 200 அடி சோதனையில் மூன்று முறையும் இருபது, முப்பது தவறினால், வாட்சின் மென்பொருளைப் புதுப்பித்து ஒருமுறை முழுதாக ரீசெட் செய்து பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அதுதான் பழுது. சோதனையைப் போனில் வீடியோ எடுத்து, பில்லோடு வாரண்டி காலத்துக்குள் சர்வீஸ் சென்டருக்கு எழுதுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது வாட்சின் படங்களைக் கொண்டுபோக வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்குக் காலையும் மாலையும் பிபி மெஷினில் பார்த்த அழுத்தம், துடிப்பு, நடந்த நிமிடம், மாத்திரை போட்ட நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் நாலு கட்டம் போட்டு எழுதிக்கொண்டு போங்கள். நீங்கள் ஆசிரியை, கட்டம் போடச் சொல்லித்தர வேண்டியதில்லை. மெட்டோப்ரோலாலின் அளவைக் குறைப்பதா, அப்படியே விடுவதா என்பதை உங்கள் டாக்டர் அதைப் பார்த்து முடிவு செய்வார்.